'அல்ட்ராமான்டேன்' என்னும் பெயரடையும் மார்டள்ளியும்

ஆங்கில அகராதியில் யாரும் புரட்டாத பக்கத்தில் 'அல்ட்ராமான்டேன்' என்று ஒரு பெயரடை கிடக்கிறது. லத்தீன் வேரின்படி 'மலைக்கு அப்பாலான' என்று பொருள். எந்த மலை என்பதில் அகராதிக்காரர்களுக்கு ஐயமே இல்லை: ஆல்ப்ஸ்தான். எது அப்பால் என்பதில்தான் வழக்கு. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்க வடக்கிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்தப் பெயர். பின்னாளில் பிரான்ஸ்காரர்கள் அதே சொல்லைத் திருப்பிப் பிடித்து, உள்ளூர் அரசனை விட்டுவிட்டு ரோமாபுரிப் போப்பாண்டவரையே பார்த்துக்கொண்டிருந்த கத்தோலிக்கர்மேல் வீசினார்கள். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் போப்பாண்டவரின் வழுவா வரத்தை அறிவித்தது. வசவு வாங்கியவர்கள் ஜெயித்துவிட்டார்கள். சொல்லுக்கு மெல்ல வேலை போயிற்று.

அதற்கு மார்டள்ளியில் மறுவேலை தரலாம் என்பது நம் துணிபு. ஊர் நிறையத் தமிழ் பேசும் கத்தோலிக்கர், மறைமாவட்டம் மைசூர். மேட்டூர்க்காரருக்கு இவ்வூர் மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், அந்தியூர்க்காரருக்குப் பர்கூர் மலைக்கு அப்பால். போப்பாண்டவருக்கும் குறைவைக்காத ஊர். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் சண்டையிட்டுச் சேர்த்த பொருள்கள் இங்கே ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

ஆனால் இலக்கணம் இடிக்கிறது. 'மலை தாண்டிய' என்று தமிழாக்கினால் பெயரெச்சமாகிவிடும். அதற்குள்ளிருக்கும் வினை, 'தாண்டியது யார்?' என்று கேட்கும். லத்தீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மார்டள்ளிக்காரரோ திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 1956 அக்டோபர் 31 இரவு சென்னை மாநிலக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவில் படுத்தவர், விடிந்ததும் மைசூர் மாநிலத்தில் கண்விழித்தார். தாண்டியது எல்லைக்கோடு. ஒருமுறை பழகிய கால் சும்மா இருக்குமா? 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் அமைத்தபோது இன்னொரு கோடும் தாண்டியது. ஆகவே இப்பெயரடை ஊருக்கா, சர்வேயருக்கா என்பது மேலாய்வுக்குரியது.

கள ஆய்வுக்காகக் கொள்ளேகாலில் பஸ் ஏறினேன். இப்பக்கம் 'மலை' என்றால் மாதேஸ்வரன் மலை ஒன்றுதான், ஆல்ப்ஸுக்கு இடமில்லை.

"மலைக்கு அப்பாலான ஊருக்கு ஒரு டிக்கெட்" என்றேன்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப மேட்டூர்னு சொல்லுங்க சார். மலையில இறங்கி வேற பஸ் மாறணும்."

அகராதி கையில் இருந்தது. அதைக் காட்டவில்லை.