வேலிக்கன்றின் உயரம்: ஓர் ஆட்டியல் ஆய்வு

1. முன்னுரை

மன்னார் மறிச்சுக்கட்டியில் என் வளவுக்குப் புதிதாக உயிர்வேலி அடைக்க எந்த உயரத்துக் கன்று வாங்குவது என்ற வினாவை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை எழுப்பவில்லை. ஆகவே இத்துறையின் முன்னோடி நானே. மறுப்பார் எவருமில்லை, இத்துறையில் வேறு எவருமில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

இளசு எது, முற்றியது எது என்று அளப்பதில் எங்கள் ஊருக்குப் பழைய பெருமை உண்டு. முத்துச்சிப்பியை ஆராய ஹெர்ட்மன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் 1902இல் மன்னார்க் கடலுக்கு வந்தார். இளஞ்சிப்பிகளை நல்ல முத்துப்பாருக்கு மாற்றி வளர்க்கலாம் என்றார். 1903 முதல் 1906 வரை அவருடைய அறிக்கையின் ஐந்து பாகங்கள் அச்சாயின. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. 1907க்குப் பிறகோ பல ஆண்டுகள் குளிப்பே இல்லை. சிப்பிகள் ஐந்து பாகங்களையும் வாசிக்கவில்லை போலும்.

இலக்கியமும் கைகொடுக்கவில்லை. பாரி தேர் கொடுத்த முல்லை எத்தனை சாண்? சாண் கன்றுக்குத் தேர் அதிகம். படர்ந்த கொடிக்குத் தேர் போதாது. பாரியின் கொடையைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர்களும் கொடியை அளக்கவில்லை.

3. வகைப்பாடு

அ. சாண் கன்று: பொலித்தீன் பையில் வருவது. மலிவு. வேர் பழுதின்றி இருப்பதால் நட்ட மண்ணைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கோழி கிளறாவிட்டால்.

ஆ. இடுப்பளவுக் கன்று: இரண்டுங்கெட்டான்.

இ. ஆளுயரக் கன்று: சாடிக்குள்ளேயே வளர்ந்தது. வேர் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருக்கும். மேலே இலை மட்டும் பரந்திருக்கும். ஒரு கிழமைக் கச்சான் காற்றில் சாய்ந்துவிடும். இப்படிப்பட்டவர்களைக் கருத்தரங்க மேடைகளிலும் கண்டிருக்கிறேன்.

ஈ. கதியால்: கன்றுமல்ல, மரமுமல்ல. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் முற்றிய கொம்பை வெட்டி ஊன்றுவது. சீமைக்கிளுவையின் விஞ்ஞானப் பெயர் கிளிரிசிடியா செப்பியம். முதற்சொல்லுக்கு எலிக்கொல்லி என்றும் அடுத்ததற்கு வேலிக்குரியது என்றும் பொருள். எலியைக் கவனித்த லத்தீன் ஆட்டை மறந்துவிட்டது. என் பங்களிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

4. ஆட்டெட்டுக் கோட்பாடு

ஓர் ஆடு பின்னங்காலில் நின்று, முன்னங்காலை வேலியில் ஊன்றி, கழுத்தை நீட்டி, நாக்கையும் நீட்டினால் எட்டும் உயரமே ஓர் ஆட்டெட்டு. கழுத்துவரை அளப்பதா, நாக்குவரை அளப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. கழுத்துக் கட்சியினரிடம் கோட்பாடு இருக்கிறது, வேலி இல்லை.

பக்கத்து வளவுக் கிடாயே என் ஆய்வு உதவியாளர். பூவரசங் குழையைக் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்திக் கட்டினேன். ஐந்தடி வரை தின்றது. ஐந்தரையில் என்னைப் பார்த்தது (கிடாய், நேர்காணல், அஸருக்குச் சற்று முன்). மணல் குவிந்த இடத்தில் ஆட்டெட்டு ஒரு சாண் கூடும் (தேநீர்க்கடை வாங்கு, மாலை அமர்வு, திருத்திய இரண்டாம் பதிப்பு, சீனி குறைத்தது). மாடு படுத்திருந்தால் ஆடு அதன் முதுகில் ஏறி நின்று மேயும், அதைக் கணக்கில் எடுக்காத ஆய்வு ஆய்வே அல்ல (மச்சான், வேலிப் பொட்டு வழியே தந்த தனிப்பட்ட தகவல், ஐந்தாம் தொகுதி, பக்கம் கிழிந்துள்ளது, கிழித்தது மேற்படி கிடாய்).

இக்கட்டுரையின் முதற் படியைக் கடைசி எழுத்துவரை வாசித்துச் செரித்ததும் அந்தக் கிடாய்தான். வேறெந்த மதிப்பீட்டாளரும் என் எழுத்தை முழுமையாக உட்கொண்டதில்லை.

5. பின்னிணைப்பு: நடாத வேலி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் வேலிகளும் ஆளில்லாமல் நின்றன. புத்தளத்தில் ஏறக்குறைய இருபது வருடம் இருந்துவிட்டு 2009க்குப் பிறகு திரும்பினால், வளவைக் காடு மூடியிருந்தது. எந்த அளவில் வாங்கி நட்டது என்று கேட்க ஆளில்லை. அது ஊரா, வில்பத்துவின் காடா என்று செய்மதிப் படத்தை வைத்து அறிஞர்கள் விவாதித்தார்கள். பற்றைக்குள் வாப்பா கட்டிய கிணற்றுக்கட்டு கிடந்தது. செய்மதிக்கு அது தெரியவில்லை. உம்மா போய்க் காலால் தட்டிக் காட்டினார்.

6. முடிவு

வெளிப்புறம் ஏழடிக் கதியால்; ஒன்றரை அடி மண்ணுக்குள், மிச்சம் ஆட்டெட்டுக்கு. அடியில் அலம்பல். உட்புறம் சாண் கன்று. ஆளுயரக் கன்றுக்குக் காசை இறைக்க வேண்டாம். எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்.

இதற்கு மேல் ஏழு அத்தியாயம் எழுத எண்ணியிருந்தேன். உம்மா வாசலில் நின்று, “மானம் கறுக்குது மகன், நட்டுப்போட்டு எழுது” என்றார்.

நாற்பது கதியால் நட்டேன். இரண்டைத் தவிர எல்லாம் துளிர்த்துவிட்டன.