பாடியது யார்?

கேள்வி: 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடவே இல்லையாமே? இத்தனை வருஷமாக அவர் குரல் என்றே நம்பிக்கொண்டிருந்தேன் சார்!
– வாசகி, பாட்டரி ரோடு, ரிச்சர்ட்ஸ் டவுன்

நடிப்பு அவருடையது. பாட்டில் பெரும்பகுதி மார்னி நிக்ஸன் என்ற பாடகியுடையது. ஹெப்பர்ன் பயிற்சி எடுத்தார், பாடிப் பதிவும் செய்தார். போதாது என்று ஸ்டூடியோ ஒதுக்கிவிட்டது. அடியோடு ஒதுக்கவும் இல்லை. வாத்தியார் ஹிக்கின்ஸ் மேல் ஹெப்பர்ன் நடித்த பூக்காரி எலைசா கறுவிக்கொண்டு பாடுவாள் அல்லவா, அதன் தொடக்கத்தில் கேட்பது ஹெப்பர்னேதான். நடுவே மெட்டு கனிந்து மேலே ஏறுகிற இடத்தில் நிக்ஸன் வந்துவிடுவார். இன்றைக்கே போட்டுக் கேளுங்கள். இதுவரை ஒரே ஆளாகத் தெரிந்தவர் இரண்டு பேராகிவிடுவார்.

கேள்வி: டைட்டிலில் நிக்ஸன் பெயர் உண்டா?
– வாசகர், காக்ஸ் டவுன்

இல்லை. 1964இல் வார்னர் பிரதர்ஸ் 1.7 கோடி டாலர் கொட்டி எடுத்த படம். தொப்பி தைத்தவருக்கும் கூலி, குதிரை பிடித்தவருக்கும் கூலி. கதாநாயகிக்குப் பாடியவருக்குக் கூலி மட்டும்தான், பெயர் கிடையாது.

அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. 1956இல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்குப் பாடினார். வெளியே சொன்னால் இந்த ஊரில் இனி வேலை கிடைக்காது என்று மிரட்டினார்களாம். பின்னாளில் நிக்ஸனே சொன்னது இது. கடைசியில் ரகசியத்தை உடைத்தவர் டெபோரா கெர். பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ள மனசு வராத பெரிய மனுஷி.

1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. நடாலி உட் தன் குரல்தான் படத்தில் வரப்போகிறது என்று நம்பிப் பாடிக்கொண்டிருந்தார். வந்தது நிக்ஸனின் குரல். இசைத்தட்டு வருமானத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று நிக்ஸன் கேட்டபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதம் எடுத்துக் கொடுத்தார். கால் சதவீதம் சின்னத் தொகைதான். ஆனாலும் அந்தத் தொழிலில் ஒருவர் எழுந்து நின்று, 'இந்தக் குரலுக்கு உரியவர் இவர்' என்று கணக்கில் எழுதினாரே, அதற்காகவே பெர்ன்ஸ்டைன் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கேள்வி: மேடையில் எலைசாவாக நடித்துப் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸை ஏன் படத்தில் போடவில்லை?
– வாசகி, குக் டவுன்

தயாரிப்பாளர் ஜாக் வார்னருக்குப் பயம். உரிமைக்கு மட்டும் 55 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். ஜூலி ஆண்ட்ரூஸ் 1956 முதல் நியூயார்க் மேடையிலும் பிறகு லண்டனிலும் எலைசாவாக வாழ்ந்தவர். நியூயார்க்கில் மட்டும் அந்த நாடகம் 2,717 முறை நடந்தது. ஆனால் அவர் அதுவரை சினிமாவில் முகம் காட்டியதில்லை. தெரிந்த முகம் வேண்டும் என்றார் வார்னர்.

ஆண்ட்ரூஸ் அதே வருஷம் டிஸ்னியின் 'மேரி பாப்பின்ஸ்' செய்தார், சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். 'மை ஃபேர் லேடி' எட்டு ஆஸ்கர் வாங்கியது. ஹெப்பர்ன் பெயர் மட்டும் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. குரலை எடுத்துக்கொண்டது ஸ்டூடியோ, தண்டனை அனுபவித்தது அவர். அழுக்குப் பாவாடையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள். அந்த உடம்பு மொழிக்கு யார் இரவல் கொடுக்க முடியும்?

கேள்வி: ரெக்ஸ் ஹாரிஸன் பாடுகிறாரா, பேசுகிறாரா?
– வாசகர், டேவிஸ் ரோடு

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்பே பதிந்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித்தான் எனக்கு வரும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருடைய கழுத்துப் பட்டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்துப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்தார்கள். கழுத்துப் பட்டை கொஞ்சம் தடித்துத் தெரிந்தால் காரணம் அதுதான். ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கர், அவருக்கும் ஆஸ்கர். வாத்தியார் தன் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. மாணவிக்குத்தான் அந்த உரிமை கிடைக்கவில்லை. படத்தின் கதையே ஒரு பெண்ணின் பேச்சை ஒரு ஆண் மாற்றுவதுதானே! படம் எடுத்த விதமும் அப்படியே அமைந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: நம் படங்களிலும் இரவல் குரல்தானே? ஹாலிவுட்டை மட்டும் ஏன் கோபிக்கிறீர்கள்?
– வாசகர், பென்சன் டவுன்

நல்ல கேள்வி, நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

பின்னணி பாடுவது குற்றமே இல்லை. பாடியவரை மறைப்பதுதான் குற்றம்.

நமக்கு சினிமா வந்ததே பாட்டு நாடகத்தின் தோளில் ஏறித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'பவளக்கொடி' மேடையிலிருந்து நேராக 1934இல் படமானது. கே.சுப்ரமணியம் இயக்கம், எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடிப்பு, ஐம்பது பாட்டு. கேமரா ஓடும்போதே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஓரத்தில் ஒதுங்கி வாசிக்க வேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை. பாடத் தெரியாதவருக்கு அங்கே கதாநாயகன் வேஷமே கிடைக்காது. பிராட்வேயிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன அதே பாதையில், நிக்ஸன் இரவல் குரல் கொடுத்த காலத்துக்கு வெகு முன்பே, நம்மவர்கள் சொந்தக் குரலோடு நடந்து போயிருக்கிறார்கள்.

1938இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணி அங்கிருந்து தொடங்குகிறது. அதன்பிறகு பாடுபவர் வேறு, நடிப்பவர் வேறு என்பது வழக்கமானது. ஆனால் யார் பாடியது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்தது. இலங்கை வானொலியில் படத்தின் பெயரைச் சொன்ன கையோடு பாடியவர் பெயரையும் சொல்வார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் ஓட்டு வீடுகளில் ஒரு ஜன்னலில் பியானோவும் அடுத்த ஜன்னலில் அந்த வானொலியும் கேட்ட காலம் இருந்தது. பி.சுசீலாவா எஸ்.ஜானகியா என்று முதல் வரியிலேயே சொல்லாதவரை வீட்டில் ரசிகராகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் நாட்டிலும் இது சும்மா கிடைக்கவில்லை. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் பாடகி பெயராக அச்சடித்தது 'காமினி'. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பாடிய லதா மங்கேஷ்கர் சண்டை போட்டுத்தான் பெயர் வாங்கினார். ஃபிலிம்ஃபேர் பின்னணிப் பாடகர் விருதை ஆரம்பித்ததே 1959இல். லதா கேட்டார், கிடைத்தது. நிக்ஸனுக்குப் பெயர் கேட்க வழியே விடவில்லை. என் கோபம் அதுதான்.

கேள்வி: கன்னடத்தில் இப்படி ஏதாவது உண்டா? பெங்களூரில் இருந்துகொண்டு மெட்ராஸையே பேசுகிறீர்களே!
– வாசகி, லிங்கராஜபுரம்

உண்டு, அழகான கதை அது. டாக்டர் ராஜ்குமார் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் பாடி வளர்ந்தவர். அந்த வீரண்ணாவின் 'சதாரமே'யும் மேடையிலிருந்து 1935இல் படமானதுதான். பாடத் தெரிந்த ராஜ்குமாருக்குத் திரையில் பல வருஷம் குரல் கொடுத்தவர் பி.பி.ஸ்ரீநிவாஸ். தான் வெறும் உடல், ஸ்ரீநிவாஸ்தான் குரல் என்று ராஜ்குமார் மேடைக்கு மேடை சொன்னார். 1974இல் 'சம்பத்திகெ சவால்' படத்துக்குப் பிறகுதான் தொடர்ந்து தானே பாடத் தொடங்கினார். 'ஜீவன சைத்ர' படத்துக்காகத் தேசிய விருது வாங்கினார், சிறந்த பின்னணிப் பாடகராக! இரவல் குரலில் நடித்த காலத்திலும் சரி, சொந்தக் குரலில் பாடிய காலத்திலும் சரி, யாருடைய பெயரும் மறையவில்லை. ஹாலிவுட் இங்கே வந்து பாடம் படித்திருக்கலாம்.

கேள்வி: 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' தமிழில் வந்ததா?
– மாணவி, வீலர் ரோடு

1969இல் 'சாந்தி நிலையம்' வந்தது. ஜி.எஸ்.மணி இயக்கம். அடங்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆசிரியையாக காஞ்சனா வருவார். வீட்டுக்காரர் ஜெமினி கணேசன். பிள்ளைகளும் பாட்டும் சால்ஸ்பர்க்கில் நடக்கும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கிலிருந்து வந்தவை, வீட்டுக்குள் இருக்கும் மர்மம் 'ஜேன் அயர்' நாவலிலிருந்து வந்தது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது. 'மாயாபஜார்', 'செம்மீன்' எடுத்த அதே ஆங்கிலோ இந்தியர். நம் கண்டோன்மென்ட் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய சமூகம்.

எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. ஐம்பதை நெருங்கிய ஜெமினிக்கு அதில் பாடிய எஸ்.பி.பி.க்கு அப்போது இருபத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. எந்த ரசிகரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. புதுக் குரலாக இருக்கிறதே, யார் என்றுதான் கேட்டார்கள்.

மூலப் படத்தில் கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாடியவர் பில் லீ. கன்னியாஸ்திரீகளில் சிஸ்டர் சோஃபியாவாக வருவது யார் தெரியுமா? மார்னி நிக்ஸன். மற்றவர்களின் முகத்துக்குப் பின்னால் பாடியவர், கடைசியில் தன் முகத்தோடு நின்று பாடினார். அந்தக் காட்சி வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கைதட்டத் தோன்றும்.

கேள்வி: 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' குடும்பம் மலை ஏறித் தப்பித்தது நிஜமா?
– வாசகர், செயின்ட் ஜான்ஸ் ரோடு

ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். சால்ஸ்பர்க்கில் அந்தப் பக்கத்து மலையை ஏறி இறங்கியிருந்தால் ஹிட்லரின் ஜெர்மனிக்குள்தான் கால் வைத்திருப்பார்கள்.

கேள்வி: எலைசா நம் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூ விற்றிருந்தால்?
– வாசகி, கிளார்க் ரோடு

ஹிக்கின்ஸ் நோட்டுப் புத்தகத்தோடு அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்திருப்பார்! தமிழில் பூ அளந்து, உருதுவில் விலை சொல்லி, கன்னடத்தில் பேரம் முடித்து, சர்ச்சுக்குப் போகும் அம்மாவிடம் இங்கிலீஷில் நலம் விசாரிக்கிற பெண்ணுக்கு அவர் என்ன கற்றுக்கொடுக்க முடியும்? கண்டோன்மென்ட் தமிழைக் கொச்சை என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். மராத்தியில் பு.ல.தேஷ்பாண்டே 1975இல் 'தீ ஃபுலராணி' என்று இந்தக் கதையை மேடையேற்றினார், பூக்காரியின் வட்டாரப் பேச்சே அதற்கு உயிர். சிவாஜிநகர் தமிழில் ஒருவர் எழுதட்டும், முதல் வரிசையில் டிக்கெட் எனக்கு.

கேள்வி: கடைசியில் எலைசா ஹிக்கின்ஸிடம் திரும்புவது சரியா?
– வாசகி, அல்சூர்

சரியில்லை. மூல நாடகம் எழுதிய பெர்னார்ட் ஷாவும் ஒப்பவில்லை. அவள் மேல் ஆசைப்பட்ட இளைஞன் ஃப்ரெட்டியைத்தான் அவள் கல்யாணம் செய்தாள் என்று நாடகத்துக்குப் பின்னுரையே எழுதிவைத்தார். செருப்பை எடுத்துக் கொடுக்கவா அவள் அத்தனை உச்சரிப்பும் படித்தாள்?

கேள்வி: கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் 'மை ஃபேர் லேடி' போடுகிறோம். ஏதாவது யோசனை?
– செயலாளர், ரிச்சர்ட்ஸ் பார்க் அருகே

மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் குறைவு, டிசம்பர் குளிருக்குச் சால்வை கொண்டுவரச் சொல்லுங்கள். எலைசா விருந்துக்குப் புறப்படும் இடத்தில் படத்திலேயே இடைவேளை உண்டு, டீயை அதற்குத் தயாராக வையுங்கள். 1994இல் சீரமைத்த பிரதி கிடைத்தால் அதையே போடுங்கள், நிறமும் ஒலியும் புதிதாக இருக்கும். ஹெப்பர்ன் சொந்தக் குரலில் பாடிய பதிவுகளும் டிவிடியில் இருக்கின்றன. படம் முடிந்ததும் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், போதவில்லை என்ற தீர்ப்பு சரியா என்று மாடியில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் நோட்டீஸில் 'நடிப்பு: ஆட்ரி ஹெப்பர்ன், ரெக்ஸ் ஹாரிஸன்' என்பதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'பாட்டு: மார்னி நிக்ஸன்' என்று சேர்த்துவிடுங்கள்.