தூங்கட்டும், பாவம்!

பி.எஸ்சி. நர்சிங் முடித்த என் மகள், வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா தூங்கப்போவதாகச் சொல்கிறாள். விடலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

தாராளமாக. நைட் டியூட்டி ஆரம்பித்துவிட்டால் தூக்கத்தைக் கடன்தான் வாங்கவேண்டும்!

ஆனால் ‘சும்மா’வா? நர்சிங் கவுன்சில் பதிவு, அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் பழைய வினாத்தாள், ஜெர்மனி ஆசை இருந்தால் பி2 நிலைவரை ஜெர்மன் மொழி... லண்டன் என்றால் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு! அதில் நோயாளியைப் பற்றி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதவேண்டும். முதல் 5 நிமிடம் பேனாவையே தொடக்கூடாது. வாட்ஸ்அப்பில் ‘ம்’ மட்டும் அனுப்பும் தலைமுறைக்கு இதைவிடப் பெரிய ஆபரேஷன் ஏது?

ஒன்று: அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் ஆஸ்பத்திரியில் மட்டும் சேர விடாதீர்கள். அங்கே நோயாளி டிஸ்சார்ஜ் ஆவார், நர்ஸ் ஆகமுடியாது.