பட்டம் பறக்குமா?

கொரியாவில் இங்கிலீஷ் வாத்தியார் ஆக எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்திருக்க வேண்டுமா சார்?

தேவையில்லை. விலங்கியல் டிகிரியே போதும். பாஸ்போர்ட்தான் சரியான நாட்டில் அச்சாகியிருக்க வேண்டும்! அந்த வேலைக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று 7 நாட்டுக்காரர்களுக்குத்தான் விரியத் திறக்கும். நமக்கு, 2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் ஒரு கொல்லைப்புறக் கதவு உண்டு. அங்கே பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் கேட்பார்கள். அதுவும் உதவி ஆசிரியர் வேலைக்கு.

ஷேக்ஸ்பியர் இன்று ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பித்தால்?

முதல் சுற்றிலேயே அவுட். அங்கே பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அழைக்க 1987-ல் தொடங்கிய 'ஜெட்' திட்டத்துக்கு ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் கட்டாயம். மனிதர் கல்லூரிப் பக்கம் போனதற்கே பதிவு இல்லை. அவர் நாடகங்களைப் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு வேலை உண்டு!

டிகிரி சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் கொரியாக்காரன் நம்ப மாட்டானா?

மாட்டான். வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு சரிபார்த்துப் போடும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஆமாம், பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு கெட்டியாக லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்தீர்களே, முத்திரையை எங்கே குத்துவதாம்?