சிறைக்குள்ளும் பூசை நடந்தது

கேள்வி: கஷ்டத்தில் கடவுளைத் தேடுகிறோம், வசதி வந்தால் மறந்துவிடுகிறோம். இது மனித இயல்புதானே? (வாசகர், கம்பளை)

பதில்: இயல்புதான். அதனால்தான் ஞாயிறு என்று ஒரு நாளை ஒதுக்கி வைத்தார்கள். மனம் வரும்போது போகலாம் என்று விட்டிருந்தால் கோயிலில் தூண்கள் மட்டும்தான் நிற்கும்.

கேள்வி: நல்ல காலம், கெட்ட காலம் இரண்டிலும் அசையாமல் நின்றவர் என்று நம் ஊரில் யாரைக் காட்டுவீர்கள்? (வாசகி, கட்டுக்கலை)

பதில்: புனித யோசேப் வாஸ் அடிகளைத்தான். 1651-இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நசுக்கிய காலம் அது. 1687-இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குள் வந்தார். 1692-இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அவரோ காவலுக்குள்ளேயே சிங்களம் படித்தார். குடிசை போட்டு, பீடம் கட்டிப் பூசை வைத்தார். பின்பு மழையில்லாமல் ஊர் வாடியபோது அவர் செபித்து மழை பெய்தது என்பது கத்தோலிக்க மரபு. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் தயவும் கிடைத்தது.

அதைவிட 1697-தான் எனக்குப் பெரிது. அந்த வருடம் பெரியம்மை வந்தது. அரசனே தலைநகரை விட்டுப் போனான். நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளும் மருமகன் யோசேப் கர்வாலியோ அடிகளும் அவர்களைத் தேடிப் போய்க் கஞ்சி கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். என்ன சமயம் என்று எவரிடமும் கேட்கவில்லை. காவலில் இருந்தபோது எப்படியோ, அரசனின் தயவு வந்த பிறகும் மனிதர் அப்படியே இருந்தார். நிலையான விசுவாசம் என்றால் அதுதான்.

கேள்வி: டித்வா புயலில் வீட்டை இழந்தவர்களிடம் 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று ஆறுதல் சொல்லலாமா? (வாசகர், கலஹா)

பதில்: தயவுசெய்து வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது காரியம். கடைசியில் கடவுளிடமே திட்டு வாங்கினார்கள். நீங்கள் போகும்போது அரிசியும், பிள்ளைகளுக்குக் கொப்பியும் கொண்டுபோங்கள். சேறு வழிக்க ஒரு மண்வெட்டி எடுங்கள். அடையாள அட்டை மண்ணோடு போயிருந்தால் கிராம சேவகரிடம் கூடவே போய் நில்லுங்கள்.

கேள்வி: செபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. பாவமா? (வாசகி, அம்பிட்டிய)

பதில்: இல்லை. அந்தக் கோபத்தையே கடவுளிடம் சொல்லுங்கள். திருப்பாடல்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை புலம்பல்கள்! கோபித்துக்கொண்டாவது பேசுகிறவர் உறவை முறிக்கவில்லை.

கேள்வி: மகன் கெட்டிக்காரன், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டான். இப்போது கோயில் பக்கமே வருவதில்லை. சண்டை பிடிக்கலாமா? (ஒரு தாய், கண்டி)

பதில்: சண்டை பிடித்தால் வீட்டுப் பக்கமும் வராமல் விடுவான், அம்மா. இரவுச் செபமாலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவன் பெயரையும் சொல்லிச் செபியுங்கள், அவன் காதில் விழட்டும்.

கேள்வி: சிறுபான்மையாக இருந்துகொண்டு விசுவாசத்தைக் காப்பது கஷ்டம்தானே? (வாசகர், தெல்தெனிய)

பதில்: வாஸ் அடிகளுக்குக் கண்டியில் இடம் கொடுத்ததே ஒரு பௌத்த அரசன். புனித பவுல் ஆலயம் இன்றும் தலதா மாளிகைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அயலவர் வேறு சமயம் என்பதால் விசுவாசம் தேயாது. நாம் கும்பிடாமல் விட்டால்தான் தேயும்.

கேள்வி: வாஸ் அடிகளின் கல்லறையைத் தரிசிக்க ஆசை. எங்கே இருக்கிறது? (வாசகி, பேராதனை)

பதில்: 1711 ஜனவரி 16-இல் கண்டியில்தான் காலமானார், இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோதும் காட்டுவதற்கு ஒரு கல்லறை இருக்கவில்லை. திருநாள் ஜனவரி 16. அன்று பூசை முடிந்ததும் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய், பார்க்க ஆளில்லாமல் கிடக்கும் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.