ஆலங்குடித் தாத்தா ஆக்லாந்துக்குச் சொன்னது

அப்பு, ஜப்பான்லேருந்து எறங்குன பழைய டொயோட்டா கார் வாங்கிட்டேன்னு வாட்ஸப்புல படம் போட்டிருந்தே. சந்தோசம். சுத்திப் போடணும்னு ஒங்க அப்பாயி பூசணிக்காயோட நிக்கிறா. ஆக்லாந்துல நிக்கிற காருக்கு ஆலங்குடியில எந்த முக்குல ஒடைக்கிறது?

காலையில வண்டிய எடுத்ததும் ஒரு பொம்பள ஜப்பான் பாஷையில அதட்டுறாளாமே? ஒம் பொண்டாட்டி இன்னும் ஒண்ணும் கேக்கலையா? பயப்படாத. 'ஈடிசி கார்டு சொருகலையே'ங்கிறா, அம்புட்டுத்தான். நம்மூரு ஃபாஸ்டாக் மாதிரி, ஜப்பான் சுங்கச்சாவடிக்குன்னு வச்ச பொட்டி அது. ஆக்லாந்துல அவளுக்கு வேலையே கெடையாது. அந்தப் பொட்டிக்குப் போற ஒயரக் கழட்டிவிடு, அடங்கிருவா. ரேடியோவ மாத்துனா அவளும் போயிருவான்னு நெனைக்காத. அது வேற, இது வேற.

இப்ப ரேடியோவுக்கு வருவோம். கரோசேரியான்னு பேர் போட்டிருக்குன்னியே, அது பயனியர் கம்பெனி ஜப்பானுக்குள்ள வச்சுக்கிட்ட பேரு. மொத ஓனர் ஆசையா வாங்கி மாட்டியிருக்கான். ஒனக்கு என்ன பிரயோசனம்? அதுல இருக்கிற மேப்புல ஜப்பானத் தவிர வேற நாடு இல்ல. எந்நேரமும் டோக்கியோவத் தேடிக்கிட்டுக் கெடக்கும். எழுத்தும் ஒனக்குப் புரியாது. எஃப்எம் 76லேருந்து 90 வரைக்கும்தான். ஒங்க ஊரு ஸ்டேசனெல்லாம் 88க்கு மேல 108 வரைக்கும் பரவிக் கெடக்குது. ஜப்பான்காரன் கஞ்சன்னு நெனைக்காத. 90க்கு மேல 108 வரைக்கும் டிவி சேனல் மூணு குடியிருந்துச்சு. 2011ல அந்தப் பழைய டிவிய நிறுத்தினப்பறந்தான் 95 வரைக்கும் எடம் விட்டாங்க.

கடைக்காரன் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்'னு தீப்பெட்டியாட்டம் ஒண்ண நீட்டுவான். வெல சல்லிசு. ஏரியல் ஒயருக்கு நடுவுல மாட்டுனா ஸ்டேசன எறக்கிக் குடுக்கும். 20 கொறைக்கிற பொட்டின்னா 102.1 ஒனக்கு 82.1னு காட்டும். சரி, 93ல இருக்கிறவன் எங்க போவான்? 73க்கு. அங்கதான் ஒன் ரேடியோவுக்குக் காதே கெடையாதே! பாதி ஸ்டேசனக் கேக்குறதுக்குக் காசு குடுத்து, கணக்கும் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டணுமா? நீ பத்தாவதுல கணக்குல எடுத்த மார்க்கு எனக்குத் தெரியும்.

புது செட்டே போடு. ஆனா அளவெடுத்து வாங்கு. வெளியில விக்கிற டபுள் டின் செட்டு 178 மில்லிமீட்டர் அகலம். டொயோட்டாக்காரன் விட்ட எடம் 200. ரெண்டு பக்கமும் பல்லு விழுந்த கெழவன் மாதிரி சந்து தெரியும். அதுக்குன்னே ஓரப் பட்டை விக்கிறான், சேத்து வாங்கிக்க. இல்லாட்டி 200 அகலத்துக்கே செட்டு வருது.

ஒயர வெட்டிப்புடாதப்பா. டொயோட்டாவுக்கு 10 பின், 6 பின்னுன்னு ரெண்டு சாக்கெட்டு. அதுக்குப் பொருந்துற கப்ளர் கெடைக்கிறப்ப கத்திரிக்கோல எடுக்கிறவன் மெக்கானிக் இல்ல, நாவிதன். புதுச் செட்டுல மஞ்ச ஒயருல எப்பவும் கரண்டு இருக்கணும், செவப்புல சாவி போட்டாத்தான். ரெண்டையும் மாத்திக் குடுத்தீன்னா, வண்டிய நிறுத்துற ஒவ்வொரு தடவையும் செட்டு எல்லாத்தையும் மறந்துரும். கடன் வாங்குன ஒங்க சித்தப்பன் மாதிரி. கறுப்பு எர்த்து, பெயிண்டு மேல வச்சு முறுக்கினா கொர்ருன்னு எரையும். கை வைக்கிறதுக்கு முன்னாடி 12 வோல்ட் பேட்டரியோட மைனஸக் கழட்டிரு. ஹைபிரிட் வண்டி வேற. ஆரஞ்சு கலர் ஒயரக் கண்டா கும்பிட்டு ஒதுங்கிரு.

ரிவர்ஸ் கேமரா இருந்தா அதுக்குத் தனியா ஒரு கன்வெர்ட்டர் வேணுமான்னு மொதல்லயே கேட்டு வை. செட்ட மாத்திட்டு 'கேமரா செத்துப் போச்சு தாத்தா'ன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குப் போன் போடாத.

இவ்வளவும் செஞ்சு நீ கேக்கப் போறது என்னமோ போன்லேருந்து ப்ளூடூத்துல வர்ற எளையராஜாதான். அதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் பொண்டாட்டி முன்னாடி பெரிய ஸ்கிரீன் பளபளன்னு எரியணும்ல?

பழைய செட்டக் குப்பையில போட்டுறாத. எஃப்எம்தான் நாட்டுக்கு நாடு சண்ட போடுது. மீடியம் வேவ் ஜப்பானுக்கும் நமக்கும் ஒரே கணக்கு, 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி. திருச்சி 936 அதுல நல்லா வரும். தீபாவளிக்கு வர்றப்ப பெட்டியில வச்சுக் கொண்டாந்துரு. பேட்டரி நான் பாத்துக்கிறேன்.