பேர் வைக்கிற உத்தியோகம்

கேள்வி: புதுச் செடிகளைக் கண்டுபிடித்துப் பேர் வைப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? என் பேரையே வைக்கலாமா?
– கல்லூரி மாணவி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: இரண்டாவது கேள்விக்காகத்தான் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகம்! தாவரப் பெயரிடல் விதிகளில் அதற்குத் தடை கிடையாது. சக விஞ்ஞானிகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். லின்னேயஸே ‘லின்னேயா’ என்ற பெருமையை நண்பர் குரோனோவியஸ் மூலமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் பேர் வைப்பது இந்த உத்தியோகத்தில் ஒரு வரி வேலை. அந்தச் செடிக்கு அதற்கு முன் யாரும் பேர் வைக்கவில்லை என்று நிரூபிப்பதுதான் மிச்ச ஆயுள் முழுவதும். 1753-இல் லின்னேயஸின் ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ வந்ததிலிருந்து முறைப்படி அச்சான எல்லாப் பேரும் கணக்கில் உண்டு; முந்தியதற்கே உரிமை. பொருந்தாத பேரென்று பிற்பாடு மாற்றவும் முடியாது. ‘ஸில்லா பெருவியானா’ மத்தியதரைக் கடலோரத்துப் பூ. பெரு நாட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை, இன்றுவரை அதே பேர்தான். தென்னிந்தியச் செடி என்றால் ராபர்ட் வைட் ஒருவரையே தாண்டுவது கஷ்டம். கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியராக வந்த அவர், ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களை வைத்து வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ நூலில் மட்டும் 2101 படங்கள். கோவிந்துவின் பேரில் ஒரு ஆர்க்கிட் பேரினத்தையே அவர் ஏற்படுத்தினார்; பின்னால் வந்தவர்கள் ‘இது பழைய சரக்குதான்’ என்று வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். வைட் கதியே இப்படி.

ஆகவே புது இனத்தைத் தேடும் இடம் காட்டைவிட உலர்தாவரங்களை அடுக்கிவைத்த அலமாரிதான் என்பேன். உலர்தாவரத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அழுத்திக் காயவைத்த கிளை, பூச்சி அரிக்காமல் விஷக் கரைசலில் நனைத்து, தடித்த தாளில் ஒட்டியிருக்கும். உதிர்ந்த விதைக்குத் தாளிலேயே ஒரு சின்னக் காகித உறை. வலது கீழ் மூலையில் சேகரித்தவர் பேர், எண், தேதி, ஊர். புது இனம் என்று எதை வைத்து அறிவித்தார்களோ அந்த மூலத் தாளைத் தனி உறையில் வைத்திருப்பார்கள். உங்கள் செடி இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று காட்டினால்தான் பேர் நிற்கும். உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, செயின்ட் ஜோசப் கல்லூரியில், இயேசு சபைப் பாதிரியார் ஸெஸில் ஸல்டானா இந்த வேலையைத்தான் செய்தார். 1976-இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் டான் நிக்கல்ஸனோடு ஹாசன் மாவட்டத் தாவர நூல். 1984, 1996-இல் கர்நாடகத் தாவர நூலின் இரண்டு தொகுதிகள். திருச்சி செயின்ட் ஜோசப்பில் பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழகத்துக்குச் செய்ததும் இதுவே. எதெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் எது புதிது என்று யார் சொல்ல முடியும்?

கேள்வி: வெள்ளைக்காரன்தான் எல்லாவற்றுக்கும் பேர் வைத்துவிட்டுப் போய்விட்டானே? போதாததற்குப் படம் எடுத்தால் பேர் சொல்லும் ஆப் வேறு இருக்கிறது!
– அதே ஆஸ்டின் டவுன், இன்னொரு வாசகர்

பதில்: இன்னும் உலகமெங்கும் ஆண்டுக்குச் சுமார் 2000 செடிகளுக்குப் புதிதாகப் பேர் வைக்கிறார்கள். அவற்றில் பல கையில் கிடைத்து நெடுநாள் ஆனவை. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புது இனங்களில் 16 சதவீதமே சேகரித்த ஐந்தாண்டுக்குள் அடையாளம் காணப்பட்டன என்கிறது; ஏறக்குறைய கால்பங்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் அலமாரியில் உறங்கியவை. வெள்ளைக்காரன் பறித்துப்போட்டதிலேயே பேரில்லாதவை இருக்கக்கூடும் என்று அர்த்தம். ஆப் கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் சொல்லிக்கொடுத்த பேரைத்தான் ஒப்பிக்கும். பேரே இல்லாத செடியைக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லிவிடும். டி.என்.ஏ. பார்த்தால் போதாதா என்பீர்கள். நெருங்கிய உறவுகளைப் பிரித்தறிய அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கிடைத்த வரிசையை எந்தப் பேரோடு பொருத்துவது என்று கேட்டால், திரும்பவும் அந்தக் காய்ந்த தாளிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: சரி, சம்பளம் வருமா?
– முதலில் கேட்ட மாணவியின் அப்பா (என்று ஊகிக்கிறேன்)

பதில்: பேருக்கு இவ்வளவு என்று யாரும் தருவதில்லை. பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவில் வேலை உண்டு; அதன் தென்மண்டல மையமும் பழைய மதராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரத் தொகுப்பு) கோவையில் இருக்கின்றன. மற்றபடி கல்லூரிப் பேராசிரியர், ஆய்வு நிறுவனம். இடங்கள் குறைவு, போட்டியும் அதிகமில்லை. ஸல்டானா சேர்த்த தாள்கள் இப்போது பெங்களூரு டாடா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், ‘ஜே.சி.பி.’ என்ற பேரில் இருக்கின்றன (மண் அள்ளும் வண்டி அல்ல, ஜோசப் கல்லூரி, பெங்களூரின் சுருக்கம்). முன் அனுமதி வாங்கி மகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போங்கள். நாலு தாளைப் புரட்டிய பிறகும் கொட்டாவி வராவிட்டால் எம்.எஸ்சி. தாவரவியலில் சேர்த்துவிடலாம்.